குடித்தனக்காரனுக்குக் கொடுத்த சாவி

"திரை ஏங்க கறுப்பா இருக்கு?" என்று மனைவி கேட்டபோது மணி பத்து.

"வரும், பொறு," என்றார் மெக்கானிக்.

ஏ.சி. ரிப்பேர் அவர் தொழில். கம்ப்யூட்டர் அவர் பிடிவாதம். மனைவி வேலை பார்த்த ஆபீஸை மூடி எட்டு மாதமாகிறது. இப்போதுதான் முதன்முதலாக ஓர் அழைப்பு: பத்தரைக்கு வீடியோ நேர்காணல், வாடிக்கையாளர் புகார்ப் பிரிவின் தலைமை வேலைக்கு. போனில் வரக்கூடாது என்று கறாராக எழுதியிருந்தார்கள். அவர்கள் சொன்ன மென்பொருளோ இவர் கம்ப்யூட்டரில் ஓடாது. விடுவாரா? கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை மென்பொருளால் கட்டிக் குடிவைத்தார். 'குடித்தனக்காரன்' என்று பெயரும் வைத்தார். பத்தரை ஆனால் அவனே நேர்காணலுக்குள் போய்விடுவான்.

நேற்று ஒத்திகையில் படம் திக்கித் திணறி வந்தது. திரைக்குப் படம் அனுப்பும் வீடியோ கார்டை நேரடியாக அவன் கையில் ஒப்படைத்தால் சரியாகும் என்று எங்கோ படித்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருந்த இரண்டு கார்டுகளில் புதியதை இன்று காலை கொடுத்தார். கொடுத்த கை சும்மா இருக்காமல் பழைய கார்டையும் சேர்த்துக் கொடுத்தது. உடனே திரை அணைந்தது.

"ப்ளக்கைப் பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

வீடு வீடாகப் போய் அந்தக் கேள்வியைக் கேட்பவர் அவர். சுருக்கென்றது.

"என்னையே கேக்குறியா? அவனுக்கு கீபோர்டு இல்ல, அதான் முழிக்கிறான்."

கறுப்புத் திரையைப் பார்த்தபடியே குருட்டாம்போக்கில் தட்டி, கீபோர்டையும் மவுஸையும் அவனுக்கே கொடுத்தார். அதன்பிறகு எதைத் தட்டினாலும் எதுவும் நடக்கவில்லை. போன் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து கேமராவையும் மைக்கையும் கொடுத்தார். கடைசியாக நெட் கார்டையும் கொடுத்தார். போன் தொடர்பும் அறுந்தது.

பத்தரை தாண்டியது.

"கேமராவுல பச்சை விளக்கு எரியுதுங்க."

"கரண்ட் இருந்தா எரியத்தான் செய்யும். நான் எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். இந்தக் குப்பையை எவன் செஞ்சான்? யாருகிட்ட போய்க் கேக்கறது?"

"உங்க கோவம் நியாயந்தாங்க. முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்க."

"தண்ணி குடிச்சா திரை வருமா?"

"வராது. நிதானம் வரும். கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?"

"நீ கேள்வி கேக்கற வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் சிரிக்கவும் இல்லை, சீறவும் இல்லை. "சரி. அதுக்கப்புறம் என்னென்ன மாத்தினீங்க? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

அவர் சொன்னார், சொன்னார், பாதியில் கடிகாரத்தைப் பார்த்தார். "உன் வேலையை நானே கெடுத்துட்டேன்."

"பாத்துக்கலாம். ரெண்டு கார்டுல எதுல படம் காட்டுவான்?"

"புதுசுலதான்."

"நம்ம திரையோட ஒயர்?"

மெக்கானிக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். ஒயர் பழைய கார்டில் இருந்தது. அவள் குனிந்து அதைப் பிடுங்கிப் புதியதில் செருகினாள்.

திரையில் மூன்று பேர் நேர்காணலில் உட்கார்ந்திருந்தார்கள். கடிகாரம் பத்து ஐம்பத்திரண்டு காட்டியது. மனைவி அவசரமாகத் தலைமுடியை ஒதுக்கினாள். மெக்கானிக் மேசைக்கடியில் குனிந்து ஒளிந்துகொண்டார்.

"மன்னிச்சுக்குங்க, இப்பத்தான் கிடைச்சுது..." என்று ஆரம்பித்தாள்.

நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பத்தரையிலிருந்து நாங்க இங்கதாம்மா பாத்துக்கிட்டிருக்கோம். உங்ககிட்ட கேக்க வச்சிருந்ததையெல்லாம் அவரே கேட்டுட்டாரு, நீங்க திங்கட்கிழமை வேலைக்கு வந்துடுங்க."