கழுத்தைப் பார்க்கிற மனிதர்

ஒருவரைச் சந்தித்தால் முகத்தை விட்டுவிட்டு முதலில் கழுத்தைப் பார்க்கிறவர்கள் உலகத்தில் மூன்றே பேர்: நகைக்கடைக்காரர், தூக்குப் போடுகிறவர், எங்கள் கழுத்து மாஸ்டர். முதல் இருவருக்கும் அது பிழைப்பு. மாஸ்டருக்கு அது பைத்தியம்.

தொழில் தையல். மன்னார் கடைத்தெருவில் ஒரு மெஷினும் ஒரு மேசையும் வைத்திருந்தார், இன்னும் வைத்திருக்கிறார். சொந்தப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது, கேட்டுப் பார்த்த ஒருவருக்கும் தெரியவில்லை. அரிப்பு என்ற கரையோர ஊரிலிருந்து இளவயதில் தையல் பழகக் கொழும்புக்குப் போனவர், அங்கே ரக்பி விளையாடி, திரும்பாத ஒரு கழுத்தோடு ஊருக்குத் திரும்பினார். இடப்பக்கம் யாராவது கூப்பிட்டால் முதலில் பாதம் திரும்பும், பிறகு இடுப்பு, கடைசியாகத் தலை. றோட்டைக் கடக்கும்போது அவர் இரண்டு பக்கமும் பார்த்து முடிக்கும்வரை பஸ்கூட நிற்கும்.

நான் அவரிடம் போனது ஒரு சட்டைக்குத்தான். அப்போது நான் கந்தோரில் கிளார்க். அளவுநாடாவைக் கழுத்தில் போட்டவர் அப்படியே நின்றுவிட்டார். இன்னொரு தடவை அளந்தார்.

"தம்பி, பதினெட்டு இஞ்சி! இந்தக் கழுத்தை வச்சுக்கொண்டு கந்தோரில என்ன செய்யிறியள்?"

"கடிதம் எழுதுறன்."

"ஐயோ, வீண்! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மைதானத்துக்கு வாங்கோ."

சட்டை தைத்துக் கிடைக்க மூன்று மாதம் பிடித்தது. நான் ரக்பி அணியின் முன்வரிசையில் நிற்க மூன்று நாள்கூடப் பிடிக்கவில்லை. முதல் நாள் 'நீங்கள்', இரண்டாம் நாள் 'நீ', ஸ்க்ரம் விழுந்தால் 'டேய்'. இதுதான் மாஸ்டரின் மரியாதைப் படி.

ஸ்க்ரம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: எட்டுப் பேர் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக் குனிந்து, எதிரே அதே மாதிரிக் குனிந்து நிற்கிற எட்டுப் பேரோடு தலையைக் கோத்துத் தள்ளுவது. நடுவில் பந்து. யார் தள்ளுகிறார்களோ அவர்களுக்குப் பந்து. முன்வரிசையில் மூன்று பேர். எங்கள் மூவரில் ஒரு பக்கம் நான், மறுபக்கம் சிலாவத்துறையிலிருந்து வருகிற மீன் லொறிக்கார நசீர். நடுவில், இரண்டு பக்கத்துப் பாரமும் வந்து இறங்குகிற இடத்தில், ஓலைத்தொடுவாய்ச் சவிரி.

சவிரி கரையில் நின்று வலை இழுக்கிற கரைவலைக்காரன். அவனோடு அவன் வலைக்காரர் நாலு பேரையும் பின்வரிசையில் நிறுத்தியிருந்தார் மாஸ்டர். எருமைப் பலம். முதல் பயிற்சியில் அவர் "குனி… பிடி… சேர்!" என்று கத்தினார். சேர்ந்ததும் ஐந்து பேரும் என்ன செய்தார்கள்? காலை மணலில் ஊன்றி, பின்பக்கமாக இழுத்தார்கள்! எதிரே நின்ற எட்டுப் பேரும் எங்கள் மேல் வந்து விழுந்தார்கள். அடியில் நான் கிடந்தேன்.

"டேய், தள்ளச் சொன்னா ஏன்டா இழுக்கிறியள்?"

சவிரி வாயிலிருந்த மணலைத் துப்பினான். "பிறந்ததில இருந்து இழுத்துத்தான் பழக்கம், மாஸ்டர். தள்ளினா மீன் போயிடுமெல்லே!"

மாஸ்டர் ஒரு கிழமை யோசித்தார். அடுத்த ஞாயிறு எங்களை ஓலைத்தொடுவாய்க் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், மணலில் ஏற்றியிருந்த சவிரியின் வள்ளத்தைக் காட்டினார். "இதைக் கடலில இறக்கேக்க இழுக்கிறனியளோ, தள்ளுறனியளோ?" ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடடா! அன்றைக்குப் பாருங்கள், "சேர்!" என்றதும் எட்டுத் தோளும் ஒன்றாகப் பதிந்து, வள்ளம் வழுக்கிக்கொண்டு போய்க் கடலில் இறங்கி, ஆளில்லாமல் தன்பாட்டில் போய்க்கொண்டேயிருந்தது. சவிரி நீந்திப் போய்ப் பிடித்து வந்தான்.

"மாஸ்டர், தள்ளப் பழக்கிட்டியள். நிப்பாட்ட எப்ப பழக்குவியள்?"

"அதையும் பழக்குவன்ரா."

அதற்குப் பிறகு தையல் கடை முழுக்க மைதானத்துக்கு வந்தது. யார் யாருடைய முதுகில் எங்கே கைபிடிக்க வேண்டும் என்று சட்டையில் வெண்கட்டியால் கோடு போடுவார். இரண்டு காலுக்கும் இடையில் எவ்வளவு என்று நாடா பிடிப்பார். குனிந்து நிற்கிற முதுகில் அடிமட்டத்தை வைத்து, அதன்மேல் தன் தேத்தண்ணிக் கிளாசையும் வைப்பார். முதுகு வளைந்தால் தேத்தண்ணி எங்கள் மேல். "இது தையல்தான்ரா. ஒரு நூல் விட்டாலும் முழுக்கப் பிரியும்!" தள்ளுவதைவிட விழாமல் தள்ளுவதுதான் அவருக்கு முக்கியம். ஒரு தலை சற்றுத் தாழ்ந்தாலும் விசில் ஊதிவிடுவார். விசிலுக்கு மேலே சத்தம்: "கழுத்து! கழுத்து!"

எங்கள் ஊர்க் கழுதைகளுக்கு வேறு வேலை கிடையாது, வேடிக்கை பார்க்க வந்து வரிசையாக நிற்கும். மாஸ்டர் ஒருநாள் என் தலைமயிரைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினார். "அதைப் பார். கழுத்தையும் முதுகையும் எப்பிடி ஒரே கோட்டில வச்சிருக்கு! கழுதைக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியேல்லை." அன்றிலிருந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் கழுதை மாஸ்டர். அவர் கோபிக்கவில்லை. "கழுதை ஒருநாளும் கழுத்தை முறிச்சதில்லைத் தம்பி. நல்ல பேர்தான்" என்றார்.

ஒவ்வொரு ஸ்க்ரமுக்கும் முன் சவிரி சிலுவை அடையாளம் போடுவான், நசீர் பிஸ்மில்லா சொல்லுவான், நான் திருக்கேதீஸ்வரத்தானை நினைப்பேன். மாஸ்டர் பொறுமையாக நிற்பார். "மூண்டு பேரும் சொல்லி முடிச்சிட்டியளோ? இனிக் கழுத்தை நேரா வையுங்கோ. அது அவையின்ர வேலை இல்லை, உங்கட வேலை."

சவிரி ஒரு விகடகவி. மாஸ்டர் அந்தப் பக்கம் போனதும் அவரைப்போல் நடித்துக் காட்டுவான். யாராவது "சவிரி!" என்றால் முதலில் பாதம், பிறகு இடுப்பு, பிறகு தலை. நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். மாஸ்டரே ஒருநாள் பார்த்துவிட்டு, "கால் இன்னும் கொஞ்சம் மெதுவாத் திரும்போணும்" என்று திருத்திக் கொடுத்தார்.

ஓட்டமும் பந்து பிடிப்பதும் எங்களுக்கு வரவேயில்லை. ஆனால் ஸ்க்ரமில் எங்களை ஒருவரும் அசைக்க முடியாது என்ற நிலை வந்தது. அதனால் ஆட்டம் முழுக்கத் தோற்றோம், ஸ்க்ரமில் மட்டும் வென்றோம். ஒரே ஒரு ஆட்டம், ஒன்றே ஒன்று வெல்ல வேண்டும் என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தோம்.

அது வந்தது. வெளியூர் அணி ஒன்று, பெயர் வேண்டாம். எங்கள் மைதானம், எங்கள் சனம், கழுதைகள்கூட எங்கள் பக்கம். இரண்டே புள்ளி பின்னால் நிற்கிறோம், ஆட்டம் முடியச் சில நிமிடம், அவர்கள் கோட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஸ்க்ரம். தள்ளினால் பந்தோடு கோட்டுக்கு உள்ளே, புள்ளி எங்களுக்கு. கன்னத்தில் வெற்றி வந்து உரசுகிறது! முந்தைய ஸ்க்ரமில் எதிராளிகள் சரிந்து விழுந்திருந்தார்கள். சவிரி எழும்பி மணலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

ஓரத்திலிருந்து அவன் மனைவி, "இஞ்சேருங்கோ, தண்ணி வேணுமோ?" என்று கத்தினாள்.

சவிரி திரும்பினான். முதலில் பாதம். பிறகு இடுப்பு. பிறகு தலை.

மைதானமே சிரித்தது. "டேய், இந்த நேரத்திலயுமாடா!" என்று நசீர் அவன் முதுகில் தட்டினான். சவிரியும் பல்லைக் காட்டினான். சிரிக்காத ஆள் ஒருவர்தான். விசிலுமில்லை, அனுமதியுமில்லை, மாஸ்டர் மைதானத்துக்குள் ஓடி வந்துகொண்டிருந்தார்.

"இடப்பக்கம் பார்."

"ஒண்டுமில்லை மாஸ்டர்."

"பார் எண்டனான்."

சவிரி பார்த்தான். கண் போனது. கழுத்துப் போகவில்லை.

"ஒரே ஒரு ஸ்க்ரம், மாஸ்டர். வெண்டிடுவம்."

"ஓம்" என்றார் மாஸ்டர். "நானும் அப்பிடித்தான் சொன்னனான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் முன்னே வந்து, "நடுவில நான் நிக்கிறன் மாஸ்டர்" என்றேன். உண்மையாகவே அழுகை வந்தது எனக்கு.

"நடுவில நிண்டு பழகாத கழுத்து உன்ரது. அதையும் நான்தான் அளந்தனான்."

நடுவரிடம் போய், நடுவில் நிற்கப் பழகிய ஆள் எங்களிடம் வேறு இல்லையென்று சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னால் அதற்குப் பிறகு ஸ்க்ரமில் தள்ளக்கூடாது, சும்மா குனிந்து பந்தை எடுக்க வேண்டியதுதான். அது விதி. எங்களிடமிருந்த ஒரே ஆயுதத்தை எங்கள் மாஸ்டரே பிடுங்கிக்கொண்டு போனார். குனிந்தோம், எடுத்தோம், பின்னுக்குக் கொடுத்தோம், எங்கள் ஓட்டக்காரன் வழக்கம்போல் பந்தை நழுவ விட்டான். தோற்றோம்.

அவர் அதைப் பார்க்க நிற்கவில்லை. சவிரியை அசையாமல் படுக்க வைத்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, அப்படியே ஆசுபத்திரி வரைக்கும் போனார். டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொருக்காத் தள்ளியிருந்தால்…" என்று தொடங்கி, சவிரியின் மனைவியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அதுவரை மாஸ்டரோடு கதைக்க மாட்டேன் என்று நின்ற நசீர், வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கி வந்து கையில் கொடுத்தான். மாஸ்டர் கிளாசை முழங்காலில் வைத்தார், அன்றைக்குத் தேத்தண்ணி அவர் மேலேயே சிந்தியது.

சவிரி நாலைந்து மாதம் கழுத்தில் பட்டி போட்டிருந்தான். இப்போது நல்ல சுகம், வலை இழுக்கிறான். நாங்கள் ஒரு ஆட்டமும் வென்றது கிடையாது, வயதும் போய்விட்டது.

போன கிழமை நான் மாஸ்டர் கடையில் இருந்தேன். சவிரி சைக்கிளில் றோட்டால் போனான். மாஸ்டர் மெஷினை நிறுத்திவிட்டு, பாதம், இடுப்பு, தலை என்று திரும்பி, "சவிரி!" என்று கூப்பிட்டார்.

சவிரி சைக்கிளை நிறுத்தாமலே, தலையை மட்டும் சடக்கென்று திருப்பினான். "என்ன மாஸ்டர்?"

"ஒண்டுமில்லை, போ."

"ஏன் கூப்பிட்டனீங்கள்?" என்று நான் கேட்டேன்.

"சும்மா" என்றார். அவன் ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கம் போகிறவன், இவர் ஒவ்வொரு நாளும் கூப்பிடுகிறவர் என்று பக்கத்துக் கடைக்காரர் பிறகு சொன்னார். அன்றிலிருந்து நானும் அந்தக் கடையைத் தாண்டினால், அவர் கூப்பிடாமலே, கழுத்தைத் திருப்பி ஒருமுறை அவரைப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.