மாப்பிள்ளை கேட்ட சத்தம்

மாமனார் வீட்டில் புது மாப்பிள்ளை எதைச் சொன்னாலும் மறுத்துப் பேச ஆள் கிடையாது. உலகத்தில் இதைவிட ஆபத்தான பதவி வேறு இல்லை.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. நான் சேலத்தில் பஸ் கண்டக்டர். மோட்டாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், சில நாள் கிளம்பும், சில நாள் கிளம்பாது என்பதுதான். ஆனால் திருச்செங்கோட்டுப் பக்கத்து என் மாமனார், "மாப்பிள்ளைக்கு மோட்டார்ல உத்தியோகம்" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். (நானும் மறுக்கவில்லை. நன்றாகத்தானே இருந்தது!)

தையில் கல்யாணம், பங்குனியில் விருந்துக்குப் போனேன். மழை பொய்த்த வருடம். கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைத்த மாடுகளை விற்று வாங்கிய ஆயில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் கேழ்வரகு கதிர்விடும் பருவத்தில் நின்றது. அந்த வீட்டுக்கு அதுதான் வருடச் சாப்பாடு.

"ஏனுங்க மாப்பிள்ளை, எஞ்சினுக்குள்ள டக்கு டக்குனு தட்டுது. என்னன்னு பாக்கறீங்களா?" என்றார் மாமனார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மனைவி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளே! திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் டிரைவர் அப்படித்தான் செய்வார். அவருக்கு உள்ளே என்ன கேட்கும் என்று நான் விசாரித்ததில்லை.

"பிஸ்டன்தான். கழற்றணும்" என்றேன்.

மனைவியின் அண்ணன் கையில் சுத்தியலோடு நின்றிருந்தார். "அப்பா, சக்கரத்து ஆப்பு..." என்று ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை சொல்றாருல்ல? கம்முனு இருடா!"

எஞ்சின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்பு ஆப்பு அவ்வப்போது தளரும். மைத்துனர் சுத்தியலால் ஓர் அடி போட்டால் சத்தம் நின்றுவிடும் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாமனாருக்கு அது அப்போதே தெரியும். ஆனாலும் மாப்பிள்ளை வாக்கு பெரிதாகப் போயிற்று.

கழற்றுவது சுலபமாக இருந்தது. திரும்ப உள்ளே போக பிஸ்டன் சம்மதிக்கவில்லை. கட்டையால் ஒரு தட்டுத் தட்டினேன். அதைச் சுற்றியிருந்த ரிங் உடைந்தது. வேறு ரிங்குக்காகச் சேலத்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "சண்டை முடிஞ்சு சீமையிலிருந்து கப்பல் வரட்டும்" என்றார்கள்.

மாடும் இல்லை. பரணில் கிடந்த பழைய கவலைத் தோல்பறியை இறக்கி, மாமனாரும் மைத்துனரும் நானும் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தோம். மூன்று பேருக்கும் தோல் உரிந்தது. தடவ விளக்கெண்ணெய் எனக்கு மட்டும் வந்தது (மாப்பிள்ளையாயிற்றே). எவ்வளவு இழுத்தும் கதிர் முக்கால்வாசி பதராகிவிட்டது. அந்த வருடம் அவர்கள் வீட்டுக் கூழில் தண்ணீர்தான் அதிகம். நான் போனால் மட்டும் நெல்லுச்சோறு. ஒருவராவது திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

பல வருடம் கழித்து மாமனார் நெஞ்சுச் சளியில் படுத்துவிட்டார். மூச்சுக்கு மூச்சு உள்ளே கரகரவென்றது. டாக்டர் கைவிரித்துவிட்டுப் போனபின் நான் அவர் பக்கத்தில் குனிந்து, "மாமா, என்னங்க பண்ணுது?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ளை, வெறும் சத்தந்தான். கழட்டிக்கிழட்டிப் போட்றாதீங்க."

அழுதுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. மறுநாள் போய்விட்டார்.

இன்றைக்கும் அந்த வீட்டில் யாராவது இருமினால், முதலில் என்னைத்தான் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள்.