இணையச் சித்தரும் பவளத்தின் நாயும்

மலையூரான ரிங்லெட் டவுனில் அந்த ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்த இடமில்லை. ஸ்ட்ராபெரி வாங்க வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் படித்த கூட்டம். மடிக்கணினியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு, கடைமாடி மண்டபத்துக்கு வரிசை பிடித்து நின்றது. உள்ளே எழுந்தருளியிருந்தவர் இணையச் சித்தர். இணையத்தில் புதுக் கம்பெனி தொடங்குபவர்களுக்கு அருள்வது அவர் தொழில். காசைக் கையால் தொடமாட்டார். கம்பெனியில் பத்து விழுக்காடு பங்கு எழுதிக் கொடுத்தால் போதும். ஆசையை அறுத்தவர் பாருங்கள்.

வரிசையில் மகேன் நின்றான். தோட்டத்து ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, மலைப் பூவைப் பூக்கடைகளுக்கு நேரே விற்க ஓர் இணையதளம் கட்டியவன். கூடவே பவளம். திரிங்காப்பில் பூத்தோட்டக்காரி. இவன் பேச்சை நம்பி, தீபாவளிச் சாமந்தி முழுவதையும் வழக்கமான மொத்த வியாபாரிக்குத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தீபாவளிக்கு எட்டே நாள். தளமோ இன்னும் பூட்டிக் கிடந்தது. ஒரு மண்டலம் யார் கண்ணிலும் படக்கூடாது, வாங்குகிறவன் கண்ணில் அறவே படக்கூடாது என்பது சித்தர் வாக்கு.

"மண்டலம் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்குக்கா," என்றான் மகேன்.

"அதுக்குள்ள என் பூவெல்லாம் குப்பைக்குப் போயிரும்லா."

சித்தர் சொன்னதில் மகேன் இதுவரை ஒன்றையும் விட்டு வைக்கவில்லை. தளத்தின் பேரில் ஓர் எழுத்தைக் கூட்டினான். 'வாங்கு' பொத்தானை ஈசானிய மூலைக்கு நகர்த்தினான். தூய்மைக்காக முதல் பக்கம் முழுக்க வெள்ளைப் பூவாகப் போட்டான். விசைப்பலகையில் திருநீறு பூசியதில் நாலு விசை ஒட்டிக்கொண்டது. அருள் இறங்கிய அடையாளமாம். பூக்கடைக்காரன் ஒருவனிடமாவது, உனக்கு என்ன பூ வேண்டும் என்று கேட்டானா? அதை மட்டும் கேட்கவில்லை.

வரிசை நகர்ந்து இருவரும் உள்ளே போனபோது ஈப்போ யோகேஸ் முறை. பூனைத் தீனி விற்பவன், மண்டலம் முடித்தவன். சித்தர் அவன் தளத்தின் பேரைத் தன் டேப்லெட்டில் தட்டி, கண்ணை மூடி முணுமுணுத்தார். இந்த நொடி தளத்துக்கு வந்து நிற்கும் ஆட்களின் கணக்கு பெரிய திரையில் ஏறியது. ஐந்நூறு, ஆயிரம், நாலாயிரம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பவளம் முன்னால் போனாள். "சாமி, என் தளத்துக்கும் பாருங்க. மண்டலம் முடிஞ்சிருச்சு. பேரு மணியன், பின்னாலேயே எங்க லோரி நம்பர் 6104."

அக்காவுக்கு ஏது தளம் என்று மகேன் விழித்தான். சித்தர் முணுமுணுத்தார். எண் ஆறாயிரத்தைத் தாண்டியது.

"உலகமே உங்களைத் தேடி வருதும்மா. என்ன விக்கிறீங்க?"

"ஒண்ணும் விக்கல சாமி. மணியன் எங்க நாய். போன வருஷம் செத்துப்போச்சு. தளமும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. இத்தன பேரும் எந்த வாசல்ல வந்து நிக்கிறாங்க?"

மகேன் போனில் தட்டிப் பார்த்தான். அப்படியொரு தளமே இல்லை என்று வந்தது. பக்கத்தில் இருந்தவர்களும் தட்டினார்கள். அதே பதில்தான்.

"மணியனோட ஆத்மா..." என்று இழுத்தார் சித்தர்.

யோகேஸ் டேப்லெட்டைப் பிடுங்கி 'முட்டைக்கோஸ்' என்று தட்டினான். எண் ஏறியது. மந்திரம்கூடத் தேவைப்படவில்லை. பங்குப் பத்திரங்களைப் பறித்துக் கிழிப்பதில் எல்லாரும் மும்முரமாக இருந்தபோது, சித்தர் பின்பக்கப் படியில் இறங்கிக் காரை எடுத்துவிட்டார்.

"மன்னிச்சிருங்கக்கா," என்றான் மகேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"மன்னிப்ப லோரியில ஏத்த முடியாது. அந்தக் கர்மத்தத் திற. திறந்துட்டுப் பூக்கடைக்குப் போன் போடு."

படியில் உட்கார்ந்தே தளத்தைத் திறந்துவிட்டு, ஈப்போ பூக்கடை ஒன்றுக்குப் போன் போட்டு, தளத்தைப் பார்க்கச் சொன்னான். "தீபாவளிக்கு வெள்ளப்பூவ வச்சு நான் என்ன பண்ண? மஞ்சள் இருந்தா நூறு கட்டு அனுப்பு," என்றார் கடைக்காரர். பவளத்தின் தோட்டத்தில் முக்கால்வாசி மஞ்சள்தான். மகேனின் தளத்தில் அது கடைசிப் பக்கத்தில் ஒளிந்துகிடந்தது. ஒட்டிய விசையோடு மல்லுக்கட்டி மஞ்சளை மேலே கொண்டுவந்தான். ஆறு கடைக்குப் பேசி முடித்தபோது, பாதி லோரிக்குப் பூ கேட்டிருந்தார்கள்.

மாடியிலிருந்து இறங்கிய ஒருவர் பவளத்திடம் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, இவரு போலி. நல்ல சித்தர் வேற யாராச்சும் இருக்காங்களா?"

கடை திறக்க நாள் பார்க்கும் கனவான்களே, முதலில் மண்டையைத் திறங்கள். அதற்கு ராகுகாலமும் கிடையாது, எமகண்டமும் கிடையாது.