இடது பக்கத்துக் குளிர்

குளிரில் நடுங்கும் மனிதனுக்கு முதலில் வேண்டியது சூடா, குளிருக்கான காரணமா?

சூடு என்றுதான் சொல்வீர்கள். தரிமாவும் இருபத்தாறு வருடமாக அதைத்தான் சொல்கிறாள். ஆனால் அவள் கணவர் பல்தானின் வாழ்க்கை வேறு பதிலை நோக்கியே நடந்தது. காரணவாதிகள் என்று ஓர் இனம் உண்டு. கூரை ஒழுகினால் கீழே பாத்திரம் வைக்காமல், மழை எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்று வாசலுக்குப் போய்ப் பார்ப்பவர்கள். பல் வலிக்கிறது என்று போன இடத்தில் மருத்துவருக்கே பல்லைப் பற்றிப் பாடம் எடுப்பவர்கள். வீட்டில் மின்சாரம் போனால் மெழுகுவர்த்தியைத் தேடும் மனைவியை நிறுத்தி, "இரு, இது நம்ம வீட்ல மட்டுமா, தெரு பூராவுமான்னு முதல்ல தெரியணும்" என்பவர்கள். எந்த ஊரிலும் இவர்கள் இருக்கிறார்கள். என்றாலும் இந்த இனம் செழித்து வளர சைபீரியாவில் எங்கள் உலான்-உதே நகரத்தின் குளிர்காலம்தான் ஏற்ற நிலம். பாதரசம் மைனஸ் முப்பதுக்குக் கீழே இறங்கிய ஒரு காலையில் கார்க்கொட்டகை வரிசைக்குப் போனால், ஏதாவது ஒரு வண்டியின் திறந்த எஞ்சின் மூடிக்குள் தலையும் வெளியே முதுகுமாக ஒருவரைப் பார்ப்பீர்கள். அந்த முதுகு பல்தானுடையது.

அவருக்கு வேலை ரயில் பட்டறையின் பொருள் கிடங்கில். சூட்டுக்கும் அந்த வேலைக்கும் சம்பந்தமில்லை. அதனால் என்ன?

எங்கள் ஊரில் வண்டியைச் சூடாக்கும் கருவிக்குப் பெயர் அடுப்பு. சமையலறையில் இருப்பதற்கும் அதே சொல்தான். பல்தான் வீட்டில் சமையலறை அடுப்பு தரிமாவின் பொறுப்பு, கார் அடுப்பு பல்தானின் பொறுப்பு. முதல் அடுப்பு ஒருநாளும் அணைந்ததில்லை. இரண்டாவது டிசம்பரில் மக்கர் செய்தது. அதுவும் விசித்திரமாக. வண்டி ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி, ஓட்டுபவர் இருக்கை வலப்பக்கம். வலப்பக்கம் வெதுவெதுப்பான காற்று வந்தது. இடப்பக்கம் வந்த காற்று சைபீரியாவின் சொந்தக் காற்று.

இடப்பக்கம் உட்காருவது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

"ஏங்க, எனக்குக் கால் மரத்துப்போச்சு."

"இருக்காதே. எனக்கு நல்லாத்தானே இருக்கு."

"உங்க பக்கம் நல்லாத்தான் இருக்கும். இங்க கைய வெச்சுப் பாருங்க."

"கைய வெச்சுப் பாக்கறதெல்லாம் அளவு இல்ல தரிமா. உன் கை ஏற்கெனவே குளிர்ந்திருக்கு, அது எப்படிச் சாட்சி சொல்லும்? அதோட உன் பூட்ஸும் இறுக்கமா இருக்கு."

காரணவாதியின் முதல் விதி இதுதான்: பழுது வண்டியில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதற்கு முன், அது மனைவியிடம் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். புதிய பூட்ஸ் வாங்கி ஒரு வாரம் கழிந்த பிறகுதான் பல்தான் மூடியைத் திறந்தார்.

அடுப்புக்குப் போகும் குழாயை ஒரு கையாலும் அதிலிருந்து திரும்பும் குழாயை மறு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு வைத்தியர் நாடி பார்ப்பதுபோல நின்றார். ஒன்று சுட்டது. மற்றொன்று சுடவில்லை. "உள்ள காத்து அடைச்சிருக்கு" என்று தீர்ப்பு வந்தது. அடைத்த காற்று வெளியேற வண்டியின் மூக்கு மேலே பார்த்து நிற்க வேண்டுமாம். மடாலயத்துக்குப் போகும் மேட்டுச் சாலையில் வண்டியை ஏற்றி நிறுத்தி, மூன்று ஞாயிற்றுக்கிழமை எஞ்சினை உறும விட்டார். வழிபாட்டுக்கு வந்தவர்கள் வண்டியும் கும்பிடுகிறதோ என்று பார்த்துப் போனார்கள். அதன் பின் வண்டியின் முன்புறத்தில் அட்டையைச் செருகினார், அட்டைக்கு மேல் கம்பளத் துணி போர்த்தினார், துணியை எடுத்துவிட்டு வேறு அட்டை வைத்தார், சூட்டைக் கட்டுப்படுத்தும் அடைப்பானை மாற்றினார், மாற்றியதைக் கழற்றிப் பழையதையே போட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. காரணத்தில் குறையே சொல்ல முடியாது.

இடப்பக்கம் மட்டும் சூடாகவில்லை.

அடுத்த கொட்டகையில் ஜர்கல் இருக்கிறான். பேச்சு குறைவு, வேலை சுத்தம். ஒருநாள் எட்டிப் பார்த்து, "அண்ணே, அடுப்போட சல்லடை பாதி அடைஞ்சிருக்கு. கழுவி விட்டாப் போதும். அரை நாள் வேலை" என்றான்.

"எதனால அடைஞ்சுது?"

"அது எதுக்குண்ணே? கழுவிடலாம்."

"எதனாலன்னு தெரியாம கழுவினா மறுபடியும் அடையாதா?"

"அடைஞ்சா மறுபடியும் கழுவறது."

பல்தான் அவனை இரக்கத்தோடு பார்த்தார். இப்படிப்பட்டவர்களிடம் என்ன பேசுவது?

இதற்குள் வெள்ளை மாதம் பிறக்க நான்கு நாள்தான் இருந்தது. புத்தாண்டின் முதல் நாள்களில் இளையவர்கள் மூத்தவர்களின் வீட்டுக்குப் போய், மூத்தவரின் நீட்டிய கைகளுக்குக் கீழே தங்கள் கைகளைக் கொடுத்துத் தாங்கி வணங்க வேண்டும். தரிமாவுக்கு மூத்தவர் என்று மிஞ்சியிருப்பது அக்கா நோர்ஜிமா ஒருத்திதான். தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி, செலங்கா ஆற்றங்கரை கிராமத்தில் இருக்கிறாள். போன வருடம் எஞ்சினில் ஏதோ சத்தத்துக்குக் காரணம் தேடியதில் போகாமலே மாதம் முடிந்துவிட்டது. இந்த முறை அக்கா தொலைபேசியில் பேசினாள்:

"அவிச்சு வெச்ச பூஸா கொழுக்கட்டை மொத்தத்தையும் போன தடவ நாய் தின்னுச்சுடீ. இந்தத் தடவையும் வரலேன்னா, இனிமே நீ என்னை அக்கான்னு கூப்பிடாத. உன் புருஷனோட வண்டியவே அக்கான்னு கூப்பிட்டுக்கோ."

தரிமா சிரித்தாள். தொலைபேசியை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை. நோர்ஜிமா விளையாட்டாகச் சொல்லி விளையாட்டாக விடுகிறவள் அல்ல.

"ரெண்டாம் நாள் போயிடலாம்" என்றார் பல்தான். "ஒரு விஷயம் மட்டும் பாக்கி. அந்தப் பக்கம் ஆத்துக் காத்து அடிக்குதில்ல, அதனால இடப்பக்கக் கதவு வழியா..."

"போகும்போது ஆறு இடப்பக்கம். வரும்போது வலப்பக்கம். வரும்போதும் எனக்குத்தானே குளிருது?"

இருபத்திரண்டு வருடம் இந்த ஊரில் டிராம் ஓட்டியவள் அவள். திசை சொல்லி அவளை ஏமாற்ற முடியாது. ஆனாலும் இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அந்த வண்டியை ஓட்ட அவளைப் பல்தான் விட்டதில்லை. "தண்டவாளத்துல ஓட்டறது வேற, எஞ்சினோட மனசு தெரிஞ்சு ஓட்டறது வேற" என்பார்.

"நான் சிற்றுந்துல போறேன்" என்றாள் தரிமா. "காலைல எட்டு மணிக்கு ஒண்ணு இருக்கு. நீங்க காரணத்தக் கண்டுபிடிச்சிட்டு மெதுவா வாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குப் பதில் இருந்திருக்கும். அவள் சாதாரணமாகச் சொன்னாள். வெள்ளை மாதத்தில் பெண் தனியாகப் போய் அக்காவை வணங்கினால், புருஷன் எங்கே என்று கிராமமே கேட்கும். அதற்கு என்ன காரணம் சொல்வாள்? பல்தான் முதல்முறையாகத் தன்னிடமில்லாத ஒரு காரணத்தைப் பற்றி யோசித்தார் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது.

இரண்டாம் நாள் காலை ஏழரைக்குத் தரிமா பையோடு கீழே இறங்கினாள். வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. முன்னே அட்டை இருந்தது. வலப்பக்க இருக்கை காலி. இடப்பக்கம் பல்தான் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன இது?"

"நீ ஓட்டு."

"அடுப்பு?"

"அப்படியேதான் இருக்கு."

அவள் ஏறினாள். கால் பக்கம் வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. குளிர்காலம் முழுவதும் இதில்தான் இவர் உட்கார்ந்திருந்தாரா என்று ஒரு கணம் தோன்றியது. டிராம் ஓட்டுவதுபோல நிதானமாக, குலுக்கலே இல்லாமல் ஓட்டினாள். முப்பதாவது கிலோமீட்டரில் அவர் கால்களைத் தரையில் தட்ட ஆரம்பித்தார். ஐம்பதில் கையுறையைக் கழற்றிப் பூட்ஸுக்குள் திணித்தார். எழுபதில் தட்டுவதும் நின்றது. ஆற்றுக் காற்று என்ற சொல்கூட வரவில்லை.

நோர்ஜிமாவின் வாசலில் இறங்கியபோது அவரால் நிற்க முடியவில்லை. அடுப்பருகே உட்காரவைத்துப் பூட்ஸைக் கழற்றும்போது அக்கா கேட்டாள்: "என்ன மாப்பிள்ளை, பனிக்கட்டி மேல நடந்தா வந்தீங்க? குளிர்ற பக்கம்னு தரிமா போன்ல சொன்னாளே, அவகிட்ட வண்டியக் குடுத்துட்டு நீங்க ஏன் அங்க உக்காந்தீங்க?"

பல்தான் உப்புப் போட்ட பால் தேநீரை ஒரு மடக்குக் குடித்தார். "பூஸா ஆறிடும்" என்றார்.

ஏப்ரலில் ஜர்கல் அடுப்பின் சல்லடையைக் கழுவினான். அரை நாள் வேலைதான். இரண்டு பக்கமும் ஒரே சூடு. பல்தான் இன்னும் இடப்பக்கம்தான் உட்காருகிறார். எதற்கும் காரணம் வைத்திருக்கும் அந்த மனிதர் இந்த ஒன்றுக்கு மட்டும் இதுவரை யாரிடமும் காரணம் சொல்லவில்லை. தரிமாவும் கேட்கவில்லை.

வெட்கமாக இருக்கும், அன்பாக இருக்கும், பழகிப்போயிருக்கும் என்று உங்களுக்கு இதற்குள் ஒரு காரணம் தோன்றிவிட்டதல்லவா? இரண்டுகூடத் தோன்றியிருக்கும். இனம் இனத்தை அறியும். காரணம் இருக்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் காலை முதலில் தொட்டுப் பாருங்கள்.