பொய்யரை நனைக்கும் பெஞ்சு

இத்தாலியில், திவோலிக்குப் பக்கத்து மலைச்சரிவில் இருக்கும் எங்கள் ஊருக்கு அந்தக் கோடையில் நீதிபதி தேவைப்படவில்லை. சீமாட்டியின் தோட்டத்தில் ஒரு கல்பெஞ்சு இருந்தது. குற்றவாளி உட்கார்ந்தால் தண்ணீர் பீறிட்டு நனைக்கும். நிரபராதியை நனைக்காது. இதைக் கண்டுபிடித்தவர் துறவி பான்க்ராசியோ. எந்த மடத்துத் துறவி என்று ஒருவரும் கேட்கவில்லை. தாடி இருந்தது, போதாதா?

ரோமிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். முழு வட்டப் பாலாடைக்கட்டியைக் காணிக்கை வைத்தவர்கள் உலர்ந்தே எழுந்தார்கள். நாலு முட்டையோடு வந்தவர்கள் தொப்பலாக எழுந்தார்கள். பாவத்துக்கும் முட்டைக்கும் என்ன தொடர்பு என்பதை இறையியல் அறிஞர்கள்தான் ஆராய வேண்டும்.

தோட்டத்து நீரூற்றுகளை இருபது வருடமாகப் பராமரித்துவந்தவள் தொமித்தில்லா. புனித ஊற்றில் இரும்பு படக்கூடாது என்று துறவி சொன்னதும் இரும்புச் சுரண்டியோடு அவள் வேலையும் போயிற்று. "அது வெறும் குழாய்" என்று அவள் சொன்னாள். வேலை போன வயிற்றெரிச்சல் என்றார்கள்.

ஆனால் அவளுக்கு ஒரு சந்தேகம். எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். மூன்று மாதம் விட்டால் குழாய் வாய் அடைத்துக்கொள்ளும். இந்தப் பெஞ்சு மட்டும் அடைக்கவில்லை. கிட்டே போனால் காடி வாசம் அடித்தது. சுண்ணாம்பைக் கரைக்க அவள் ஊற்றும் அதே திராட்சைக் காடி. யாரோ ரகசியமாகக் குழாயைச் சுத்தம் செய்கிறார்கள்.

அந்த வாரம் சீமாட்டியின் வெள்ளி உப்புக்கிண்ணம் காணாமல் போயிற்று. காரியஸ்தர் ஃபுல்வியோ, சமையல்கட்டுப் பெண் ஓர்சோலாவைக் கைகாட்டினார். ஞாயிறன்று பெஞ்சு தீர்ப்புச் சொல்லும். நனைந்தால் அன்றே சிறை.

"அக்கா, நான் எடுக்கலக்கா" என்று அழுதாள் ஓர்சோலா.

"தெரியும்டி. நீ கூடையைத் தூக்கிட்டுக் கூட்டத்துல நில்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

ஞாயிறன்று கூட்டத்துக்கு முன்பே தொமித்தில்லா சீமாட்டியிடம் போனாள். "வயசுப் பொண்ணு அம்மணி, ஊரே பாக்கும். பிணம் தூக்கற சபைக்காரங்க போடற, முகத்தை மூடற முக்காடு அங்கியைப் போட்டு உக்கார வைக்கட்டுமா?"

சீமாட்டி சம்மதித்தார். துறவிக்கும் மறுப்பில்லை. "ஊற்றுக்குத் துணி ஒரு தடையா மகளே?"

தலையைத் தொங்கப்போட்டபடி அங்கி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

"பாருங்க, குத்தம் செஞ்ச நெஞ்சு! எப்படிக் கல்லா சமைஞ்சு கிடக்கு!" என்று துறவி முழங்கினார். ஜெபித்தார். இரண்டு முறை "ஆமென்" என்றார்.

பீச்! அங்கி முழுக்க நனைந்தது.

"திருடி! கட்டுங்கடா அவளை!" என்று ஃபுல்வியோ குதித்தார்.

தொமித்தில்லா முக்காட்டை இழுத்தாள். உள்ளே வைக்கோல் மூட்டை. மேலே ஒரு பூசணிக்காய்.

"யாருக்குங்க சிறை? பூசணிக்காய்க்கா?" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். கூடையும் கையுமாக, உலர்ந்த பாவாடையோடு ஓர்சோலாவேதான்.

தொமித்தில்லா லாரல் புதருக்குப் பின்னால் கைவிட்டுத் துறவியின் சீடனைக் காதைப் பிடித்து இழுத்து வந்தாள். அவன் கையில் குழாயைத் திறந்து மூடும் திருகு இருந்தது.

"அம்மணி, உங்க முன்னோரான கர்தினால், விருந்தாளிங்களை நனைச்சுச் சிரிக்கறதுக்காகக் கட்டின பெஞ்சு இது. ரெண்டு ஆமென் சொன்னா தொற, ஒண்ணு சொன்னா சும்மா இரு. இவ்வளவுதான் அற்புதம். இருபது வருஷம் இந்தக் குழாயைச் சுரண்டியிருக்கேன். சுண்ணாம்புதான் வந்துச்சு, ஒருத்தர் பாவமும் வரல."

பாட்டன்மார் சிரித்த விளையாட்டின் முன்னால் பேரன்கள் நாங்கள் மண்டியிட்டிருந்தோம்.

"சாமி, நீங்க உக்காருங்க" என்றார் சீமாட்டி. திருகு இப்போது தொமித்தில்லாவின் கையில் இருந்தது.

மூன்றாவது நனைப்பில் துறவி அலறினார்: "கிண்ணம் ஃபுல்வியோகிட்ட இருக்கு! பழியை அந்தப் பொண்ணு மேல போடச் சொன்னதும் அவர்தான்!"

ஃபுல்வியோ தோட்டக் கதவைத் தேடினார். காவலர்கள் அவரைத் தேடவேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் ரொட்டிக்காரர் ஜெர்வாசோ பெஞ்சின் முன் முழந்தாளிட்டார். "இருந்தாலும் பாருங்க, கடைசியில உண்மையை வரவழைச்சிருச்சே பெஞ்சு! மகிமைதான்!"

தொமித்தில்லா தன் இரும்புச் சுரண்டியை அவர் கூப்பிய கைகளுக்குள் செருகினாள்.

"இந்தாங்க ஜெர்வாசோண்ணே, கை சும்மாதானே இருக்கு, சுரண்டுங்க. குழாயில அடைச்சது காடி ஊத்தினா போயிடும். மண்டையில அடைச்சதை அவங்கவங்கதான் சுரண்டணும்."