சுருளிக்கு முழுச் சம்மதம்

"வெள்ளிக்கிழமை பூ வைக்க வாரீகளான்னு பொண்ணு வீட்டுல கேக்குறாக. என்ன தம்பி சொல்ல?" தரகர் பேச்சிமுத்து வாசலிலேயே நின்றுகொண்டார்.

சுருளி தொண்டையைச் செருமினான். வில்லாபுரத்து வித்யாஸ்ரீயை அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. பெண் பார்க்கப் போன அன்று அவன் பஜ்ஜியைச் சட்டையில் போட்டுக்கொள்ள, அவள் சிரித்த சிரிப்பில் அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் வினை பழங்காநத்தம் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தது. கல்யாண வெப்சைட் என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. அதில் பெண்களின் போட்டோக்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடுத்து இன்னொரு பக்கம் இருந்தது. அதைப் பார்க்காமல் எந்த மடையன் தாலி கட்டுவான்?

"ஒரு வாரம் போகட்டும்ணே. அப்பாவுக்கு நெஞ்சு வலி."

தரகர் பதறிக்கொண்டு போனதும், உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா பேயாண்டி எழுந்து வந்தார்.

"எனக்கு எப்படா நெஞ்சு வலி வந்துச்சு?"

"இப்பத்தாம்ப்பா. ஒரு வாரம் படுத்துக்கங்க."

தாயில்லாப் பிள்ளை என்று செல்லம் கொடுத்து வளர்த்த பாவத்துக்கு, பேயாண்டி போய்ப் படுத்தார்.

அன்று சாயங்காலமே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. வித்யாஸ்ரீயின் பெரியம்மா சோலையம்மாள், பிரஷர் பார்க்கும் கருவியோடு இறங்கினார். வித்யாஸ்ரீயின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த அக்கா. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதல் ஆளாக ஓடியவர், ஓடிய ஓட்டத்தில் கல்யாணம் செய்துகொள்ளாமலே இருந்துவிட்டார்.

"சம்பந்தி ஆகப் போறவரு. நாங்க பாக்காம யாரு பாப்பாக?" என்று பேயாண்டியின் கையைப் பிடித்து நாடி பார்த்தார். "என்ன, நாடி இந்தக் குதி குதிக்குது?"

பொய்யில் மாட்டிக்கொண்ட மனிதருக்கு வேறு எப்படிக் குதிக்கும்?

"தினமும் வாரேன். உப்பில்லாத கஞ்சிதான். வேற எதையும் தொடக் கூடாது."

பேயாண்டி மகனைப் பார்த்த பார்வையில் கொலைவெறி இருந்தது.

வாரம் ஓடிப்போனது. சுருளி வெப்சைட்டில் பாதியைக்கூடத் தாண்டவில்லை. "ஒரு மாசத்துக்கு வீட்டுல விசேஷமே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று அடுத்த பொய்யை அவிழ்த்துவிட்டான். பலன், சோலையம்மாள் காலையும் மாலையும் வர ஆரம்பித்தார். அப்பா திட்டுவதை நிறுத்திவிட்டார். கஞ்சியை மறுபேச்சில்லாமல் குடித்தார். சுருளி பயந்துபோனான். நிஜமாகவே உடம்புக்கு ஏதும் வந்துவிட்டதா?

பிரௌசிங் சென்டரிலும் நிம்மதி இல்லை. டீச்சர் பெண்ணுக்குக் கண் அழகு, பேங்க் பெண்ணுக்கு வேலை அழகு. இரண்டும் சேர்ந்தவள் எங்கேயாவது இருப்பாள் என்று தேடினான். அலுத்துப்போய் டீச்சரிடமே திரும்பினால், அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. பேங்க் பெண்ணுக்கும் ஆகிவிட்டது.

ஒருநாள் மத்தியானம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு, பார்த்ததில் ஒரு முகம்கூட மனசில் நிற்கவில்லை என்று உறைத்தது. கூடப் படித்தவர்கள் எல்லாம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். நாம் மட்டும் இப்படியே பார்த்துப் பார்த்து, கடைசியில் யாருமில்லாமல் கிழவனாகிச் சாகப்போகிறோம் என்று தோன்றியது. அங்கேயே அழுதுவிட்டான். அழும்போது வித்யாஸ்ரீயின் சிரிப்பு மட்டும் நினைவுக்கு வந்தது.

எழுந்து பைக்கை எடுத்தான். இன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும்.

வீட்டு வாசல் நிறையச் செருப்புகள். ஐயோ, அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று உள்ளே பாய்ந்தான்.

தட்டுத் தட்டாகப் பழம், பூ, வெற்றிலை. வித்யாஸ்ரீயின் அப்பாவும் அம்மாவும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தரகர் சந்தனம் கரைத்துக்கொண்டிருந்தார். பேயாண்டி பட்டுச் சட்டையில், தலைக்கு மை அடித்துக்கொண்டு, கல்லுக்குண்டு மாதிரி நின்றார்.

"பேசி முடிச்சிட்டீகளாப்பா?"

"முடிச்சாச்சுடா. உன்கிட்டச் சொல்லத்தான் ஒரு மாதிரி இருந்துச்சு." அப்பா தரையைப் பார்த்தார். "நீ எதுக்கும் அம்புட்டு யோசிக்கிறவன். வேண்டாம்னுருவியோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

சுருளி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். நம் மனசை நமக்கு முன்னாலேயே பெற்றவர் புரிந்துகொண்டிருக்கிறார்!

"வேண்டாம்னு சொல்லுவேனாப்பா? எல்லார் முன்னாடியும் சொல்றேன். எனக்கு முழுச் சம்மதம். இனி ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீக!"

அப்பா அவனைக் கட்டிக்கொண்டு குலுங்கினார். சோலையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "இந்த மனசு எந்தப் பிள்ளைக்கு வரும்!" என்றார் தரகர்.

வித்யாஸ்ரீ காபித் தட்டோடு அவன் முன்னால் வந்து நின்றாள். இவள் போதும், வேறு யாருமே வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே சுருளி டம்ளரை எடுத்தான்.

"எங்க பெரியம்மாவ நல்லாப் பாத்துக்கங்கண்ணே" என்றாள் அவள், கண் கலங்க. "இனிமே அவுகதானே உங்களுக்கு அம்மா."