ஆட்சேபனை அண்ணை எழும்பினார்

யாழ்ப்பாணத்தில் ஆட்சேபனை அண்ணை எதிர்க்காத ஒரே விசயம் சூரியன் கிழக்கே உதிப்பதுதான். அதையும் ஒரு கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவந்திருந்தால் எதிர்த்திருப்பார்.

மயிலிட்டிப் பக்கம் எங்கள் மீனவர் சங்கத்துக்கு நான் செயலாளர். அவர் அதிலும் அங்கத்தவர், சிக்கனக் கடன் சங்கத்திலும் அங்கத்தவர், கடை நடத்தும் பலநோக்குச் சங்கத்திலும் அங்கத்தவர். ஒன்றில் மீன் விற்கிறோம், ஒன்றில் சேமிக்கிறோம், ஒன்றில் அரிசி வாங்குகிறோம், எல்லாம் ஒரே சனம்தான் என்பார். அந்த ஒரே சனத்தை மூன்று இடத்திலும் வதைத்தார். போன கூட்ட அறிக்கையை வாசித்தால் ஆட்சேபனை. தேநீருக்கு எழும்பினால் ஆட்சேபனை. தன்னையே தலைவராக மற்றவர்கள் முன்மொழிந்தபோதும் எதிர்த்துக் கை உயர்த்தினார்.

போன சோளகக் காற்றுக் காலத்தில் எங்கள் ஐஸ் அறை பழுதானது. மறுநாளே ஒரு முதலாளி வந்து நின்றான். ஐஸ் தருவானாம், மீனை அவன் சொல்லும் விலைக்கு அவனுக்கே கொடுக்க வேண்டுமாம். கொள்ளைக்காரன். பலநோக்குச் சங்கக் கடைக்குப் பின்னால் ஒரு குளிர் அறை சும்மா கிடந்தது. அதைக் கேட்டோம். ஆனால் அங்கே ஒரு வழக்கம்: நிகழ்ச்சி நிரலில் இல்லாத விசயத்தை ஒருவர் மறுத்தாலும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவார்கள். அதுவரை மீன் காத்திருக்குமா?

பலநோக்குச் சங்கக் கூட்டம் நாலு மணிக்கு. ஐந்து மணிக்கு என்று அவரிடம் பொய் சொன்னேன். வெட்கமில்லாமல்தான் சொன்னேன். அவர் மூன்றரைக்கே வந்து முன்வரிசையில் இருந்தார். பிழையான நேரம் சொன்னதற்கு என் பேரில் ஓர் ஆட்சேபனையும் எழுதி வைத்திருந்தார்.

“ஒரு கிழமைக்கு, ஏழு நாளுக்கு, அறையைக் குடுக்கிறம். ஆருக்கும் ஆட்சேபனை இருக்கோ?” என்று தலைவர் கேட்டார்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அண்ணை எழும்பினார்.

“இருக்குது.”

“உந்த மனிசனைக் கொண்டுபோய்க் கடலிலை தள்ளுங்கோ” என்றார் என் பக்கத்தில் இருந்த படகுக்காரர். நானே தள்ளியிருப்பேன்.

“ஒரு கிழமை காணாது, தலைவர். அவையின்ரை ஐஸ் மெசின் திருத்தி முடியுமட்டும் எண்டு எழுதுங்கோ. அவையின்ரை மீன் பழுதாப் போனா, எங்கடை கடையிலை ஆர் வந்து அரிசி வாங்கிறது?”

அப்படியே நிறைவேறியது. முதலாளியின் லொறி வெறுமையாகத் திரும்பியது. என் கண் கலங்கிவிட்டது. கோபத்தில் என்றுதான் படகுக்காரரிடம் சொன்னேன்.